முன் அறைச் சுவருக்குப் பனையோலை: சுருளாமல், பூஞ்சணம் பிடிக்காமல்

புதுசாக் கலியாணம் முடிச்சு, கொக்குவிலில வாடகை வீட்டுக்கு வந்திருக்கிற தங்கச்சி கேட்டது இதுதான்: முன் அறைச் சுவர் வெறுமையாக் கிடக்கு, கையால ஏதாவது செய்து மாட்ட விருப்பம், கனக்கக் காசு போட ஏலாது. காணொளிகளில காட்டுற சாமான் பாதி இங்க கிடைக்குதில்லை. பனையோலையில செய்வம் எண்டால், போன வருசம் வாங்கின ஓலைத் தட்டு மாரிக்குள்ள சுருண்டு, பூஞ்சணம் பிடிச்சு, எறியிற மாதிரிப் போச்சு. ஓலை இதுக்குச் சரிவருமா, இல்லாட்டி வேற ஏதும் பார்க்கிறதா? சாமானுக்கு எங்க போறது?

ஓலைதான் தங்கச்சி, வேற தேட வேண்டாம். உங்கட தட்டு பழுதானதுக்கு ஓலையைக் குற்றம் சொல்ல ஏலாது. ஓலையைப் பதப்படுத்தின விதம் பிழைச்சிருக்கும், இல்லாட்டிச் சுவரில மாட்டின விதம் பிழைச்சிருக்கும். ரெண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். நான் வடமராட்சியில அம்மம்மாவிட்டப் பெட்டி இழைக்கப் பழகினனான். முப்பது வருசத்துக்கு மேல ஓலையோடதான் சீவியம். என்ர வீட்டு விறாந்தைச் சுவரில பன்னிரண்டு வருசமாத் தொங்குற ஓலைத் துண்டு ஒண்டு இருக்கு. நிறம் தேன் மாதிரி மாறினதைத் தவிர அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை.

முதல்ல ஏன் சுருளுது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. காஞ்ச ஓலை, காத்தில ஈரம் கூடினால் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் விடும். குடிக்கேக்க அகலம் கொஞ்சம் கூடும், விடேக்க சுருங்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குடிச்சு விட்டால் பிரச்சினை இல்லை. ஒரு பக்கத்தை அடைச்சு மற்றப் பக்கத்தைத் திறந்து விட்டால்தான் சுருளும். இதை நான் பட்டுத்தான் படிச்சனான். ஒரு விடுதிக்கு ஆறு சுவர்த் துண்டு செய்து குடுத்தன். முகம் மினுங்கட்டும் எண்டு முன்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் பூசினன், பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தானே இருக்கப் போகுது எண்டு விட்டிட்டன். ஐப்பசி மழை தொடங்கி மூண்டாம் கிழமை, ஆறும் அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு. ஆறையும் திருப்பி எடுத்துப் புதுசா இழைச்சுக் குடுத்தன். அண்டையில இருந்து, பூசினால் ரெண்டு பக்கமும் பூசுவன், இல்லாட்டிப் பூசவே மாட்டன்.

இனி ஓலை. சுவருக்கு வேணுமெண்டால் குருத்தோலைதான் நல்லது. விரியாத குருத்துக்குள்ள இருக்கிற ஓலை வெயிலே காணாதது, காஞ்சால் தந்தம் மாதிரி வெளிறி வரும், சாயமும் சுத்தமா ஏறும். அதுக்கு அடுத்து விரிஞ்ச சார்வோலை கொஞ்சம் பச்சை பாஞ்சிருக்கும். பாய்க்கும் பெட்டிக்கும் அது உறுதி, சுவருக்கும் மண்ணிற வேலைக்கு எடுக்கலாம். காஞ்சு பழுத்த காவோலை வேண்டாம், அது வேலி அடைக்கிறதுக்கு. ஒரு மரத்தில ஒரு தரத்துக்கு ஒரு குருத்துக்கு மேல வெட்டச் சொல்லிக் கேக்காதேங்கோ. பனைக்கு வளருற முனை ஒண்டுதான், அடுத்தடுத்து வெட்டினால் மரம் இளைச்சுப் போகும். உங்கட வேலைக்கு ரெண்டு குருத்துத் தாராளம்.

குருத்தைப் பிரிச்சு, ஓலைகளை விசிறி மாதிரி விரிச்சு மூண்டு நாள் நல்ல வெயில்ல காயவிடுங்கோ. பின்னேரம் எடுத்து உள்ளுக்க வைக்க வேண்டாம், முதல் ரெண்டு இரவும் முத்தத்திலயே கிடக்கட்டும். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறிப் பட்டால்தான் ஓலை வெளிறவும் செய்யும், இளகவும் செய்யும். ஆனால் மழை பட்டிடக் கூடாது. ஒரு தூறல் பட்டாலும் கறுப்புப் புள்ளி விழும், பிறகு அது போகாது. மூண்டாம் நாள் பின்னேரம் ஒரு ஓலையை விரலில சுத்திப் பாருங்கோ. முறியாமல் சுத்துப்பட்டு, விட்டதும் நிமிர்ந்தால் பதம். சுத்தேக்க ‘கிரீச்’ எண்டால் கூடக் காஞ்சிட்டுது, ஈரத் துணியில ஒரு இரவு சுத்தி வையுங்கோ. நிமிராமல் துவண்டு கிடந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேணும். பூஞ்சணம் பிடிக்கிற ஓலைத் தட்டு அனேகமா இந்த இடத்திலதான் பிழைச்சிருக்கும். ஓடர் அவசரத்தில அரைக் காய்ச்சலா இழைச்சு விப்பினம், வாங்கேக்க வடிவா இருக்கும், மாரி வரத்தான் தெரியும்.

காஞ்ச ஓலையில ஈர்க்கைக் கிழிச்செடுங்கோ. ஈர்க்கை எறியாதேங்கோ, அது பிறகு வேணும். பிறகு வார்றது, அதாவது ஓலையை நீளக் கீற்றாக் கிழிக்கிறது; அந்தக் கீற்றுத்தான் வார். எங்கட ஆக்கள் சத்தகம் எண்ட சின்னக் கத்தியாலதான் வாருவினம். உங்களிட்டச் சத்தகம் இல்லாட்டி ஒரு சின்னப் பலகைத் துண்டில அரை அங்குல இடைவெளியில ரெண்டு சவர அலகைக் குத்தி இறுக்குங்கோ. ஓலையை அதில வைச்சு ஒரே இழுவையா இழுத்தால் எல்லா வாரும் ஒரே அகலத்தில வரும். நான் இதை எத்தினை தரம் சொன்னாலும் பிள்ளையள் கேக்கிறேல்லை: வார் ஒரே அகலமா இருக்கிறதுதான் வடிவு. நிறமும் கோலமும் பிறகுதான். ஒரு வார் அரை அங்குலம், பக்கத்து வார் முக்கால் அங்குலம் எண்டால் எந்தக் கோலமும் கோணிப் போகும்.

சாயத்துக்கு வாருவம். ஓலைக்கெண்டு விக்கிற தூள்ச் சாயம் சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள் எண்டு வரும். வார்களைச் சின்னக் கட்டாத் தளர்வாக் கட்டி, அரை மணித்தியாலம் பச்சைத் தண்ணியில ஊறப் போட்டுப் பிறகு கொதிக்கிற சாயத் தண்ணியில ஒரு இருபது நிமிசம் விடுங்கோ. ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டால் நல்லாப் பிடிக்கும். எடுத்துத் தண்ணியில அலசி நிழல்ல காயவிடுங்கோ. சமைக்கிற சட்டியைப் பாவியாதேங்கோ, சாயத்துக்கெண்டு ஒரு பழைய பானையை ஒதுக்கி வையுங்கோ. இந்தச் சாயம் வடிவுதான், ஆனால் நேர் வெயில் பட்டால் ஊதாவும் பச்சையும் கெதியா மங்கிப் போகும். முன் அறை யன்னலுக்கு எதிர்ச் சுவர் எண்டால் யோசிக்க வேணும்.

எனக்கு விருப்பமான நிறம் வேற. துருப்பிடிச்ச ஆணி ஒரு பிடியை ஒரு போத்தல் வினாகிரியில போட்டு, மூடியை இறுக்காமல் ஒரு கிழமை வையுங்கோ. தண்ணி தேயிலை நிறத்துக்கு வரும். ஓலை வார்களைக் கடுக்காய்த் தூள்த் தண்ணியில, இல்லாட்டிக் கட்டித் தேயிலைச் சாயத்தில கொதிக்க விட்டு ஒரு இரவு அதுக்குள்ளயே ஊற விடுங்கோ. கடுக்காய் தமிழ் மருந்துக் கடையில கிடைக்கும். காலமை அந்த வாரை எடுத்து ஆணித் தண்ணியில தோயுங்கோ. கண்ணுக்கு முன்னாலயே வெளிறின ஓலையில சாம்பல் ஏறி, ஊதா கலந்த கறுப்பாகி, மழை மேக நிறத்தில நிக்கும். முதல் தரம் பார்க்கிற பிள்ளையள் கை தட்டுவினம். கடுக்காயிலயும் தேயிலையிலயும் இருக்கிற துவர்ப்பு இரும்போட சேர்ந்துதான் அந்தக் கறுப்பு வருது. அஞ்சு நிமிசத்துக்கு மேல விடாதேங்கோ, இரும்பு கூடினால் ஓலை நொறுங்கத் தொடங்கும். தோய்ச்ச உடன வடிவா அலசுங்கோ. மஞ்சள்த் தண்ணியில கொதிக்க விட்டால் பொன் நிறம் வரும், ஆனால் மஞ்சள் வெளிச்சத்துக்கு நிக்காது. வெளிச்சம் குறைஞ்ச மூலைக்கு மட்டும் அதைப் பாவியுங்கோ.

இப்ப முதல் துண்டு. பெரிசா ஆசைப்பட வேண்டாம், பத்து அங்குலச் சதுரம் ஒண்டு செய்வம். அரை அங்குல வார், பதினஞ்சு அங்குல நீளத்தில வெள்ளை இருபது, கறுப்பு இருபது. வார்களை ஈரத் துணியால ஒருக்காத் துடைச்செடுங்கோ, தண்ணியில போட வேண்டாம். வெள்ளை இருபதையும் நெடுக்கில பக்கம் பக்கமா அடுக்கி, மேல் நுனியில ஒரு கனமான புத்தகத்தை வையுங்கோ. கறுப்பைக் குறுக்கில விடுறது ரெண்டுக்கு மேல, ரெண்டுக்குக் கீழ, திரும்ப ரெண்டுக்கு மேல. ரெண்டாவது கறுப்பு வாரை ஒரு வெள்ளை தள்ளித் தொடங்குங்கோ. மூண்டாவது இன்னுமொண்டு தள்ளி. அஞ்சாவது வரேக்க முதலாவது மாதிரியே விழும். நாலு வரிசையில கோடு சரிஞ்சு ஓடத் தொடங்கிறது தெரியும். பத்து வரிசை முடிய, தள்ளின திசையை மாத்தி மற்றப் பக்கமாத் தள்ளுங்கோ. கோடு மடங்கித் திரும்பி, அம்புத் தலை அம்புத் தலையாப் பக்கவாட்டில நிரையா நிக்கும். இந்த ஒரு மாற்றத்தோட பாய்த் துண்டு மாதிரிக் கிடந்தது சுவருக்கு ஏற்ற வேலையா மாறியிடும்.

இழைச்சு முடிச்ச உடன ஓரத்தை மடிச்சு முடிக்காதேங்கோ. ஒரு பகல் ஒரு இரவு அப்பிடியே விடுங்கோ. துடைச்ச ஈரம் காய, வார் சுருங்கி இடையில கண் விழும். சத்தகத்தின்ர மொட்டை முனையாலயோ ஈர்க்காலயோ நடுவில இருந்து வெளியால ஒவ்வொரு வாராத் தள்ளி இறுக்குங்கோ. அரை மணித்தியால வேலை, பொறுமை வேணும். கடையில வாங்கிற மலிவுத் துண்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஊசி ஊசியாக் கண் தெரியும், ஏனெண்டால் இந்த அரை மணித்தியாலத்தை அவை செலவழிக்கேல்லை. இறுக்கின பிறகு நாலு பக்கமும் நீட்டி நிக்கிற நுனியைப் பின்பக்கமா மடிச்சு, மூண்டாவது வாருக்குக் கீழ செருகி வெட்டி விடுங்கோ.

பசை வேண்டாம். காட்போட்டில ஒட்டவும் வேண்டாம். காட்போட் ஈரம் குடிச்சு வைச்சிருக்கும், கறையானுக்கும் அது பந்தி. அதுக்குப் பதிலா மேலையும் கீழையும் பனம் மட்டைக் கீலம் ஒண்டு வைச்சு, பழைய கலண்டர் மாதிரித் தொங்க விடுங்கோ. மட்டையில ரெண்டு பக்கமும் வாள்ப் பல்லு மாதிரிக் கருக்கு இருக்கும், கையை அறுத்துப் போடும், முதல்ல அதைச் சீவி எறியுங்கோ. பிறகு ஒரு அங்குல அகலத்தில கீலமாப் பிளந்து, அரத்தாளால தேச்சால் மண்ணிறத்தில கோடு கோடா அப்பிடி ஒரு வடிவு வரும். பச்சை மட்டையின்ர உட்பக்கத்தில நார் உரிச்சு ஊறப் போட்டு, அந்த நாராலயே ஓலையையும் கீலத்தையும் சேர்த்துப் பொத்துங்கோ, அதாவது தைச்சு இறுக்குங்கோ. கடகத்தின்ர வாய் பொத்துற மாதிரித்தான். ஈர நார் காயேக்கத் தானா இறுகும். பசை ஒரு மாரியில விடும், நார் விடாது.

ஒண்டு செய்து கை பழகினால் மற்றதெல்லாம் வரும். திருகணி தெரியும்தானே, பானை வைக்கிற வளையம்? ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை அதின்ர நடுவில பதிச்சு மாட்டிப் பாருங்கோ, கதவடியில வாற போற ஆக்கள் எல்லாரும் நிண்டு பார்ப்பினம். சேர்த்து வைச்ச ஈர்க்கை ஒரே நீளமா வெட்டி, நடுவில நாரால கட்டிச் சூரியன் மாதிரி விரிச்சு, நடுவில ஒரு சிரட்டைத் துண்டு வைக்கலாம். தென்னம் பன்னாடையை எல்லாரும் அடுப்புக்குள்ளதான் போடுறது. ஈரத் துணி மேல வைச்சு இஸ்திரிக்கை போட்டால் நெய்த துணி மாதிரிப் படியும், ஓலைப் பூவுக்குப் பின்தளமா அதைவிட நல்லது காசுக்கும் கிடைக்காது. சுளகில வர்ணம் தீட்டி மாட்டுறது இப்ப கனபேர் செய்யினம். எனக்கு அதில பெரிய விருப்பம் இல்லை. சுளகின்ர இழையே ஒரு கோலம், அதை ஏன் பெயின்றால மூடுறது? விளிம்பில மட்டும் ஒரு சேலைக் கரையைச் சுத்தித் தைச்சால் போதும்.

பிள்ளையளுக்குச் செய்யிற ஓலைக் குருவி, மீன், கிலுகிலுப்பை எல்லாத்தையும் ஒரு மட்டைக் கீலத்தில வரிசையாத் தொங்க விடலாம். தோரணம் மாதிரிக் குஞ்சம் வைக்க நினைச்சால் ஒண்டைக் கவனியுங்கோ. மங்கலத் தோரணத்துக்கு நாலு குஞ்சம், செத்த வீட்டுத் தோரணத்துக்கு மூண்டு. புதுசாக் கலியாணம் முடிச்ச வீடு, மாமியோ பெரியம்மாவோ வந்து நிமிர்ந்து பார்த்த உடன எண்ணிப் போடுவினம். நாலாவே வையுங்கோ.

மாட்டுறதிலதான் பாதி ஆயுள் கிடக்கு. எங்கட பழைய வீட்டுச் சுவர் கனக்கச் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஆணி அடிச்சால் பொருபொருவெண்டு கொட்டும், மாரியில சுவர் வேர்க்கும், சில இடத்தில உப்பும் பூக்கும். வாடகை வீடெண்டபடியால் ஓட்டை போடுறதை வீட்டுக்காரரிட்ட முதலே கேட்டு விடுங்கோ. இந்த வேலையெல்லாம் பாரம் இல்லாதது, கதவுநிலைக்கு மேல இருக்கிற மரச் சட்டத்தில இருந்து ஒரு நூல்க் கயிறு விட்டாலே காணும். எப்பிடி மாட்டினாலும் துண்டு சுவரோட ஒட்டிக் கிடக்கக் கூடாது. கீழ்க் கீலத்தின்ர பின்பக்கம் ரெண்டு மூலையிலயும் சோடாப் போத்தல் மூடி ஒவ்வொண்டு கட்டுங்கோ. அந்தச் சின்ன இடைவெளியால காத்து ஓடினால் சுவர் ஈரம் ஓலையில ஏறாது. உங்கட பழைய தட்டின்ர பின்பக்கத்தை நினைச்சுப் பாருங்கோ, பூஞ்சணம் அங்க இருந்துதான் தொடங்கியிருக்கும்.

குசினிச் சுவர் வேண்டாம், எண்ணெய்ப் புகை பிடிச்சால் தூசி ஒட்டும், பிறகு துடைக்க ஏலாது. சாமி அறையில விளக்குக்குப் பக்கத்திலயோ மேலயோ மாட்டவே கூடாது. காஞ்ச ஓலை ஒரு பொறிக்குக் காத்துக் கொண்டிருக்கும்.

வார்னிஷ் பூச விருப்பமெண்டால் தண்ணி கலக்கிற, மினுக்கம் இல்லாத வகையை வாங்கி, மெல்லிசா முன்னும் பின்னும் ஒவ்வொரு கை. மாரி மாதங்களில, ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும், கிழமைக்கு ஒருக்காப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. வெள்ளையாப் பொடி பூத்திருந்தால் வெளியால கொண்டு போய்க் காஞ்ச துணியால துடைச்சு, வினாகிரியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால ஒருக்காத் தடவி, வெயில் எறிக்கிற ஒரு காலமை அரை மணித்தியாலம் காயவிட்டால் சரி. இராமபாணப் பூச்சி வாற வீடெண்டால் வேப்பிலைக் கொத்தொண்டைக் காயவைச்சு மேல் கீலத்துக்குப் பின்னால செருகி விடுங்கோ.

சாமானுக்கு எங்க போறது எண்டும் கேட்டிருந்தீங்கள். சுளகு, திருகணி, பெட்டி எல்லாம் சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தையில பாருங்கோ. இழைக்கிற ஆக்களையே அங்க காணலாம், சாயம் எங்க வாங்கிறது எண்டு அவையைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுவினம். 1978 ஆம் ஆண்டு தொடங்கின பனை அபிவிருத்திச் சபையின்ர கற்பகம் விற்பனை நிலையத்தில நல்ல வேலையை ஒருக்காக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கோ. ஓரம் எப்பிடி முடிச்சிருக்கு, நுனி எங்க செருகியிருக்கு எண்டு பின்பக்கம்தான் சொல்லித் தரும். சபையிட்டப் பயிற்சி ஏதும் நடக்குதோ எண்டும் விசாரியுங்கோ. குருத்துக்கு உங்கட பக்கத்தில சீவல் தொழில் செய்யிற ஐயா ஆரும் இருந்தால் அவரிட்டச் சொல்லி வைக்கிறதுதான் சுகம். ஏறுற மரத்தில எது வெட்டலாம், எது வெட்டக் கூடாது எண்டு அவருக்குத்தான் தெரியும்.

இப்ப ஆவணி. நல்லூர்த் திருவிழாவும் ஓயப் போகுது, மழைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல வெயில் இருக்கு. குருத்துக் காய மூண்டு நாள், சாயத்துக்கும் ஆணித் தண்ணிக்கும் ஒரு கிழமை, இழைக்க ரெண்டு பின்னேரம். ஆணியை இண்டைக்கே வினாகிரியில போட்டு வையுங்கோ, குருத்து வந்து சேரேக்க அது தயாரா இருக்கும்.